கணேசமூர்த்தியின் வலது கால்

மூன்றாவது நாளும் எலி அகப்படவில்லை.

அடுப்புக்கு மேலே விறகு காயப் போடும் அட்டலில் ஏறி, பூரணி கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தாள். ஓட்டைக் கூடை, பழைய சாக்கு, மகள் பிரேமினி படித்த காலத்துப் புத்தகப் பெட்டி. எதற்குள்ளும் எதுவும் செத்துக் கிடக்கவில்லை. ஆனால் நாற்றம் இருந்தது. விடியற்காலையில் அடுப்புப் புகையில் கொஞ்சம் அமுங்கிக் கிடக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து கதவைத் தள்ளினால் முகத்தில் வந்து மோதும்.

வட்டவளைப் பக்கத்து ஆடி மழை. பதினொரு நாளாக வெயில் இல்லை. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருப்பது ஒரே லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. அதன் காம்பராக்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. துணி காயவில்லை. விறகு பிடிக்கவில்லை. நாற்றமும் வெளியே போக வழியில்லை.

"என்னாக்கா, ஒங்க வீட்டு எலி என்னா கன்னுக்குட்டி சைஸா?" என்று கேட்டாள் அடுத்த காம்பரா நாகலெட்சுமி. "எங்க வீட்டுல ஆரும் ரொட்டியத் தொடமாட்டேங்கிறாங்க. சாம்பிராணி போட்டா சாம்பிராணியும் சேந்து நாறுது."

பூரணி சிரித்து மழுப்பினாள். அன்று மாலைதான் அது நடந்தது.

முன்திண்ணையான இஸ்தோப்பில், வாசல் பக்கம் போட்டிருந்த பலகையில் அவள் புருசன் கணேசமூர்த்தி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்தப் பிரிவிலேயே அவர் கைதான் சுத்தம் என்பார்கள். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரமாகியும் பூட்ஸைக் கழற்றவில்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான். குளிருது என்பார். பூரணி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போது கையிலிருந்த தீப்பெட்டி நழுவி அவர் காலடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

"பூட்ஸைக் கழட்டுங்க."

அவர் மறுக்கவில்லை. நிதானமாகக் கழற்றினார். உள்ளே ஒரு பொலித்தீன் பை. அதற்குள் துணி. துணியை அவிழ்த்தபோது சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. உள்ளங்காலில் ஒரு குழி. குழியின் ஓரம் பச்சை. குழிக்குள் வெள்ளையாக என்னவோ நெளிந்தது.

பூரணியின் வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் அவர் பேசினார். குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"கத்தாத புள்ள. பயப்படாமப் பாரு. இது நான் இல்ல."

மூன்று வாரத்துக்கு முன்னால் கவ்வாத்து வெட்டிய மலையில், ஈட்டிபோல் நின்ற தேயிலை வாது ஒன்று செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. உடம்பில் ஏற்கெனவே சீனி வியாதி. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மருந்து போடவில்லை. தினமும் ஒருமுறை துணியை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். சும்மா பார்த்திருக்கிறார்.

எதற்காகப் பார்த்தார் என்பது பூரணிக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன், கார்த்திகையில், அவருடைய தம்பி பழனியாண்டியைக் கொழுந்து மலையில் குளவி கொட்டியது. கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. பழனியாண்டியின் ஒரே மகன் கத்தாரில். அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று நான்கு நாள் உடம்பை வைத்திருந்தார்கள். மருந்து ஏற்றியவன் என்ன ஏற்றினானோ, இரண்டாம் நாளே முகம் மாறத் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் வந்து வந்து போனார்கள். கணேசமூர்த்தி மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டினார், கசிந்ததைத் துடைத்தார். நான்காம் நாள் மகன் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, இது எங்கப்பா இல்ல என்று வெளியே ஓடினான்.

அதற்குப் பிறகு கணேசமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தம்பியின் முகம் என்பார். அந்த நிலையில்தான் ஒரு நாள், மலை உச்சியில் காட்டோரம் இருக்கும் பௌத்த மடமான ஆரண்யத்துக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டப் போனார். அங்கே வயதான பிக்கு, ஒரு ஹாமுதுரு மட்டும் இருந்தார். துறவு பூணுமுன் ரயில்வேயில் வேலை செய்தவராம். இவருடைய முகத்தைப் பார்த்ததுமே, எந்தச் சாவைச் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று சிங்களத்தில் கேட்டாராம். பிறகு ஒரு பாவனை சொல்லிக் கொடுத்தார். தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்று முப்பத்திரண்டு பாகமாக உடம்பைப் பிரித்துப் பார்ப்பது. பிணம் எப்படி ஊதும், எப்படி நீலம் பாயும், எப்படி எலும்பாகும் என்று மனசுக்குள் பார்ப்பது. வெறுப்பும் வேண்டாம், ஆசையும் வேண்டாம். பார்.

பலன் இருந்தது. பத்தே நாளில் மனிதர் தூங்கினார். சாப்பிட்டார். பூரணி முருகனுக்கு வைத்த நேர்த்தியில் பாதியை அந்த ஹாமுதுருவுக்குக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை வாரிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் அவளுடைய முதுகையும் மயிரையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருசம் கூடவே இருந்தவள் அவள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமில்லை. வண்டியில் ஏற்றிவிட்ட சாமானைப் பார்ப்பதுபோல் இருந்தது.

பூட்ஸ் கழன்ற அன்று மாலையே தோட்டத்து மருந்தக டிஸ்பென்சர் மழைக்கோட்டோடு ஓடி வந்தார். காலைப் பார்த்தார். பூரணியை வாசலுக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். இன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் போவதோடு நிற்கலாம். இரண்டு நாள் போனால் அதுவும் இல்லை.

பிரேமினி 1990 நம்பருக்கு அழைத்தாள். அம்புலன்ஸ் ரோட்டில் நிற்க, இருவர் மழையில் படியேறி வந்தார்கள். கணேசமூர்த்தி எழுந்து நின்று, நல்ல சிங்களத்தில், தன் பெயரும் வயதும் சொல்லி, தான் வரப்போவதில்லை என்றார். புத்தி தெளிவாக இருக்கிற ஆளை இழுத்துப்போக எங்களால் முடியாது என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருத்தத்தோடு இறங்கிப்போனார்கள். நாகலெட்சுமியின் புருசன் முத்துலிங்கம், நாலு பேர் சேர்ந்து கயிற்றால் கட்டித் தூக்கலாம் என்றான்.

"தூக்குங்கடா. அங்க போய் டொக்டர் கேப்பாருல்ல, நான் மாட்டேன்னு சொல்லுவேன்," என்றார் கணேசமூர்த்தி. கோபம்கூட இல்லை.

மகள் அழுதாள். சிறுவர் நிலையத்தில் முப்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் அடக்குகிறவள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எதுக்குப்பா? எங்க மேல என்னா கோவம்?"

அவர் அவள் தலையில் கை வைத்தார். "கோவம் இல்லம்மா. தம்பிய நாலு நாளு பாத்தேன். பயந்து பயந்து பாத்தேன். இப்ப பயமில்லாமப் பாக்குறேன். இத விட்டன்னா அந்தப் பயம் திரும்ப வந்துரும்."

முத்துலிங்கமும் மற்றவர்களும் அவரவர் காம்பராவுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை பூரணி. பஜாரில் அன்ஸாரின் கடைக்குக் குளுக்கோஸ் வாங்க இறங்கினாள். அன்ஸார் கடையும் வைத்திருந்தார், வேனும் ஓட்டினார். ஆரண்யத்துக்கு அரிசி, எண்ணெய் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டாமல் வைத்துவிட்டார்.

"தங்கச்சி, ஒரு விசயம். ஒங்ககிட்டச் சொல்லணும்னு ரெண்டு கிழமையா நெஞ்சில அடைக்கிது."

"சொல்லுங்க, அன்ஸார் நானா."

"கணேசண்ணன் எங்கிட்ட ஒரு கடதாசி எழுதி வாங்கினாரு. சிங்களத்துல. அவருக்குப் பேசத்தானே தெரியும், எழுத வராதே. நான் மௌத்தானா என் ஒடம்ப ஆரண்யத்துக்குக் குடுக்குறேன், எலும்ப வச்சிக்கலாம்னு."

"எலும்பயா?"

"அங்க பாவனை மண்டபத்துல, கண்ணாடி அலுமாரிக்குள்ள ஒரு எலும்புக்கூடு நிக்கிது. மெய்யான மனுச எலும்பு. அதப் பாத்துத்தான் உக்காருவாங்க." அன்ஸார் குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை இன்னொரு கண்ணாடி அலுமாரி ஏத்திக் குடுத்தேன். ஆளு ஒசரம். காலியாத்தான் நிக்கிது."

பூரணி குளுக்கோஸை மறந்து விட்டுவிட்டு நடந்தாள்.

லயத்துக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கறுப்பு, விரலிலிருந்து பாதம்வரை வந்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமியைக் காவல் வைத்துவிட்டு, பூரணி மகளைக் கூப்பிட்டாள்.

"கவ்வாத்துக் கத்திய எடுத்துக்க."

"எதுக்கும்மா?"

"ஆரண்யத்துக்கு அட்டைக் காட்டு வழி. பத்தை மூடியிருக்கும். வெட்டிக்கிட்டுப் போகணும்."

வழியில் பத்தை அதிகம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கத்தியைச் சாக்கில் சுற்றிப் பிரேமினி எடுத்துக்கொண்டாள்.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மூடுபனி பத்தடிக்கு மேல் பார்க்க விடவில்லை. அட்டைகள் கணுக்காலில் ஏறின. இருவரும் நின்று பிய்த்துப் போடவில்லை. வழியெல்லாம் பூரணி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். அந்த ஹாமுதுரு வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். சீனிக்காரன் என்று தெரிந்து, தம்பி செத்த துக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்து, எலும்புக்காக வளர்த்திருக்கிறார், கோழி வளர்ப்பதுபோல்.

மண்டபத்தில் ஆள் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. கோடியில் அலுமாரிக்குள் அது நின்றது. பழுப்பு நிறம். தாடை கம்பியால் கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி போர்த்தி, அதே உயரத்தில் இன்னொரு அலுமாரி. பிரேமினி துணியை இழுத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. புதுப் பலகை வாசம்.

பின்னால் வெறுங்காலின் ஓசை கேட்டது.

ஹாமுதுரு ஒல்லியான மனிதர். கையில் துடைப்பம். மழையில் விழுந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பூரணி கும்பிடவில்லை. தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில், என் புருசனுக்காகவா இந்த அலுமாரி என்று கேட்டாள்.

அவர் விளங்காமல் நின்றார். பிறகு அலுமாரியையும் பிரேமினி கையிலிருந்த சாக்கையும் பார்த்தார். புத்தகங்களுக்கு, என்றார். கூரை ஒழுகி ஏடெல்லாம் நனைகிறது. தட்டுப் பலகை இன்னும் வரவில்லை. எலும்பாக நிற்பவர் ஒரு பாடசாலை ஆசிரியை, முப்பது வருசத்துக்கு முன் தானே எழுதிக் கொடுத்தவர். கணேசமூர்த்தியும் ஒரு கடதாசி விளக்கடியில் வைத்துவிட்டுப் போனார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே வைத்திருக்கிறேன். சுவர் மாடத்திலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவரு கால் அழுகுது," என்றாள் பூரணி. சிங்களம் அவளைக் கைவிட்டுவிட்டது. தமிழிலேயே சொன்னாள். "புழு வச்சிருச்சி. நாளைக்குள்ள செத்துப்போயிருவாரு. நீங்க பாக்கச் சொன்னீங்களாம். பாத்துக்கிட்டே இருக்காரு."

பிரேமினி அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

துடைப்பம் கீழே விழுந்தது. ஹாமுதுரு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாகக் கணேசமூர்த்தி வந்து சொல்லிக்கொண்டிருந்தார். இன்று நீலம் பாய்ந்திருக்கிறது, இன்று ஓரம் பச்சை, இன்று ஈ வந்தது. எவ்வளவு தெளிவாகக் காண்கிறார் என்று நான் வியந்தேன். சாது, சாது என்று வாழ்த்தினேன். தம்பியின் உடம்பைத்தான் நினைவில் காண்கிறார் என்று நினைத்தேன். மகளே, கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு மணம் தெரியாது.

பிரேமினி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் எழுந்து இறங்கத் தொடங்கியிருந்தார். குடை எடுக்கவில்லை.

லயமே வாசலில் நின்றது. நாகலெட்சுமி எதற்கும் துணிந்தவளாக விளக்குமாற்றோடு நின்றாள். ஈரக் காவியோடு ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டு வருவதைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

ஹாமுதுரு சுடுதண்ணீர் கேட்டார். உப்புக் கேட்டார். கணேசமூர்த்தியின் முன்னால் சிமெந்துத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் கழுவினார். கணேசமூர்த்தி பதறிக் காலை இழுத்தார். அவர் விடவில்லை. நோய் கண்ட பிக்குவைப் புத்தபகவான் தன் கையால் கழுவினார், நான் யார், என்றார். ஆஸ்பத்திரிக்குப் போ.

"நீங்கதானே ஹாமுதுரு பாக்கச் சொன்னீங்க. ஆசையும் வேணாம், வெறுப்பும் வேணாம்னு," என்று சிங்களத்தில் முனகினார் கணேசமூர்த்தி. காய்ச்சலில் பல் அடித்தது.

"சொன்னேன்."

"பயமில்லாமப் பாத்தேன்."

ஹாமுதுரு தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "பயமில்லை என்றால் எதற்குப் பூட்ஸ் போட்டு மூடினாய்? உன் பெண்சாதியிடமிருந்து எதற்கு ஒளித்தாய்?"

கணேசமூர்த்தி பூரணியைப் பார்த்தார். கண்ணாடியில் கண்ட பார்வை அது இல்லை என்று மட்டும் அவளுக்குப் பட்டது. வேறு என்ன என்று தெரிவதற்குள் அவர் தலை சரிந்தது.

அன்ஸாரின் வேன் கொட்டகலை வளைவுகளில் கொம்பு அடித்துக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்தும் போயும் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார் டொக்டர். நோயாளியால் சம்மதம் சொல்ல முடியாத நிலை, பெண்சாதி கையெழுத்துப் போட வேண்டும். பூரணி பேனாவை வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து, நான் மாட்டேன்னு சொன்னேனே என்று கேட்டால் என்ன சொல்வது? தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

உயிர் தங்கியது.

இரண்டாம் நாள், வெட்டிய காலை வீட்டார் கேட்டால் தருவோம், இல்லாவிட்டால் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பூரணி கேட்டாள். தோட்டத்து மண்ணில் பிறந்தது தோட்டத்து மண்ணுக்குத்தான் போக வேண்டும். செய்தி லயத்துக்குப் போனதும் அங்கே ஒரு வழக்கே நடந்தது. சாவு என்றால் தப்பு மேளம் அடிக்க வேண்டும், மலையில் வேலை நிற்க வேண்டும். காலுக்கு? முத்துலிங்கம் அடிக்கத்தான் வேண்டும் என்றான். நாகலெட்சுமி விடவில்லை.

"ஆளு கட்டில்ல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்காரு, நீ எழவு கொட்டுறியா? நாளைக்கு மத்தக் காலையும் கூப்புடுறதுக்கா?"

கடைசியில் இராமையா கங்காணி தீர்ப்புச் சொன்னார். தப்பு வேண்டாம். குழி மட்டும் போதும், மூன்றடி. பழனியாண்டிக்குப் பக்கத்தில்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில், பூரணி காலைச் சுற்றிய பொட்டலத்தைக் கடைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். கீழே வேன் காத்திருந்தது. சொல்லிவிட்டுப் போவதற்குத்தான் வந்தாள். பையைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், தரையில் வைத்தாள்.

அவர் முழித்திருந்தார். போர்வை ஒரு பக்கம் உயரமாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது.

"பையில என்னா?"

"துணி."

"பொய் சொல்லாத. காட்டு."

"வேணாங்க."

"காட்டு பூரணி."

அந்தப் பழைய பார்வையை அவர் இதன்மேல் போட்டுவிட்டால்? இது நான் இல்லை என்று அந்தக் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டால்? மீதி உடம்பை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆள் வரமாட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கினார். பையைத் தூக்கி மெத்தை ஓரத்தில் வைத்து, பொலித்தீனை விலக்கி, வெள்ளைத் துணியை ஒரு பக்கம் திறந்தாள்.

குதிகால் தெரிந்தது. தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த வெடிப்புகள். கணுக்காலுக்கு மேலே பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. கல்யாணத்துக்கு முந்திய வருசம் கத்தி பட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பூரணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் யாரோ இருமினார்கள். வெளியே கூரைத் தகரத்தில் மழை.

அவருடைய கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. இரண்டு விரலால் அந்தத் தழும்பைத் தொட்டார். தொட்ட இடத்திலேயே கை நின்றது. தாடை ஆடத் தொடங்கியது. பிறகு தோள். எட்டு மாதமாக, தம்பியைப் புதைத்த அன்றுகூட அவரிடமிருந்து வராத சத்தம் ஒன்று தொண்டைக்குள்ளிருந்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

"மூடு புள்ள," என்றார் கணேசமூர்த்தி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொட்டலத்தைத் தடவிப் பார்த்தார். "ஒத்தத் துணியில சுத்தியிருக்காங்க. அங்க மண்ணு ரொம்பக் குளிருமே."

பூரணி தான் போட்டிருந்த சுவெட்டரைக் கழற்றினாள்.